நினைத்ததும் நிற்கும் வண்டி

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒர்க்‌ஷாப்பின் நடுவே நின்று அழுதுகொண்டிருந்தாள் தையல்காரம்மா. எதிரே அவர்களுடைய பழைய கார், பானெட் திறந்தபடி ஜாக்கி மேல் நின்றது. அதில்தான் ஏறி வீட்டுக்குப் போகப்போகிறோம் என்ற நினைப்பில், பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள்.

"இன்ஜின் போயிடுச்சும்மா," என்றார் மெக்கானிக், கையைத் துணியில் துடைத்தபடி. "எத்தனை தடவைதான் ஒட்டுப் போடுறது? இனிமே ஓடாது."

அவள் இன்னும் கொஞ்சம் அழுதாள். கல்யாணமாகி பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பியபோதுகூட அவள் இவ்வளவு அழவில்லை என்று கணவர் மெக்கானிக்கிடம் தெரிவித்தார். கணவர் ஓய்வுபெற்ற நூலகர். எந்தத் தகவலையும் நிதானமாகத்தான் தருவார்.

இருபத்தொரு வருடத்துக்கு முன்பு, தெருமுனையில் இருந்த டிரைவிங் ஸ்கூலை மூடியபோது வாங்கிய வண்டி அது. வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. உள்ளே ஒரு திருகைக்கூட மாற்ற விடமாட்டாள் தையல்காரம்மா. ஏறும்போதே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவாள். ஏன் என்று கேட்டால் பழக்கம் என்பாள். அது வண்டிக்கு அவள் காட்டும் மரியாதை என்று நூலகர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவார்.

இன்னொன்றையும் சொல்வார். இருபத்தொரு வருடத்தில் வண்டி மேல் ஒரு கீறல் கிடையாது.

"அதுக்குப் புத்தி உண்டு தம்பி. நிறுத்தணும்னு நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே நின்னுடும். மனசும் வண்டியும் அப்படி ஒண்ணாப் போயிடுச்சு."

மெக்கானிக் இதை நாற்பதாவது தடவையாகக் கேட்டார். முதல் தடவை போலவே தலையாட்டினார்.

வாசலில் புதுக் கார் நின்றது. மகள் வாங்கித் தந்தது. ஷோரூமிலிருந்து நூலகரே ஓட்டி வந்திருந்தார், மகள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். கிளம்பும்போது ஒரு பூந்தொட்டி குறுக்கே வந்துவிட்டது என்றும், புது வண்டிக்கு இன்னும் புத்தி வரவில்லை என்றும் அவர் சொன்னார். மகள் ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். ஆபீஸில் திடீரென்று வேலை வந்துவிட்டதாகச் சொல்லி பஸ் ஏறிப் போய்விட்டாள்.

"சரி, வா. வீட்டுக்குப் போகலாம்," என்றார் நூலகர், புதுச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு.

"நீங்க போங்க. நான் பஸ்ல வர்றேன்."

"எத்தனை நாளைக்கு?"

"பஸ் ஓடுற வரைக்கும்."

அவர் முகம் வாடிவிட்டது. வண்டி போனதைக்கூடத் தாங்கிக்கொண்டார். ஆனால் பக்கத்து சீட் காலியாக இருக்க ஓட்டுவது என்பதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவள் அந்த சீட்டை விட்டுக்கொடுத்ததில்லை. சம்பந்தி வந்தாலும் பின்னால்தான் உட்கார வேண்டும். எவ்வளவு தூரம் போனாலும் வழியில் கண் அசரமாட்டாள், வேடிக்கை பார்க்கமாட்டாள், நேரே ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவாள். தன் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் என்று அவர் நம்பினார். அது பொய்யும் இல்லை.

"நீ வராம நான் எங்கேயும் போகப்போறதில்ல," என்று புதுச் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டார். அவள் அதை எடுத்துக் கொடுக்கவில்லை.

புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மெக்கானிக், பேச்சை மாற்ற ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியை எப்படியும் உடைக்கத்தான் போகிறார்கள், ஞாபகத்துக்கு ஏதாவது கழற்றித் தரட்டுமா, ஸ்டியரிங் வேண்டுமா என்று கேட்டார்.

நூலகர் யோசித்தார். "ஸ்டியரிங்கை எவன் வேணும்னாலும் திருப்பிடுவான். ஓட்டுறவன் யோக்கியதை பிரேக்லதான் தெரியும். பிரேக் பெடலைக் குடுங்க."

மெக்கானிக் ஸ்பேனரோடு வண்டிக்குள் குனிந்தார். கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் இரண்டு பெடல்கள் இருந்தன. இரண்டையும் மேஜை மேல் வைத்தார்.

"ஸ்கூல் வண்டி இல்லையா, அதான் ரெண்டு பிரேக். ஓட்டுறவங்க பக்கம் ஒண்ணு, வாத்தியார் உட்கார்ற பக்கம் ஒண்ணு."

ஒன்றில் ரப்பரின் வரி வரியான கோடுகள் அழியாமல் இருந்தன. லேசாகத் தூசி படிந்திருந்தது. இன்னொன்றில் ரப்பரே இல்லை. இரும்பு தேய்ந்து, நடுவில் குழி விழுந்து பளபளத்தது.

நூலகர் தயங்காமல் தேய்ந்ததை எடுத்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீங்களா தம்பி. இருபத்தொரு வருஷ உழைப்பு. ஒரு உயிருக்குச் சேதாரம் இல்லாம ஓட்டினேன்னா, அதுக்கு இதுதான் சாட்சி."

மெக்கானிக் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். தையல்காரம்மாவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செருப்பைக் கீழே போட்டாள். கணவரின் கையிலிருந்த பெடலை மெதுவாக வாங்கி, புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்து, மெக்கானிக்கிடம் நீட்டினாள்.

"இதைப் புது வண்டியிலயும் என் பக்கமே மாட்டிக் குடுங்க தம்பி, ஏறிக்கிறேன்."