நாலாவது அடுக்கு

ஊரில், இலங்கையில், போர் முடிந்த மே மாதம். முழங்கால் நோ என்று பொய் சொல்லி இரவு வேலையை விட்டிருந்த ஜெயசிங்கம், டென்மார்க்கின் வைலே நகரில் தன் வீட்டின் கூடத்தை அடைத்துக் கிடந்த போர்வையின் மேல் இடுப்பில் கட்டிய சாரத்தோடு முழந்தாளிட்டு, மேல்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கும் நழுவாதபடி நூலோட்டிக்கொண்டிருந்தான். அங்கே அகதி முகாமில் இருக்கும் சனத்துக்காகத் தேவாலயச் சபை ஏலம் விடப்போகும் போர்வை.

தொழிற்சாலை மேற்பார்வையாளர் பென்ட் வந்தார்.

“பகல் வேலை ஒன்று இருக்கிறது. கால் சரியென்றால் எழுந்து நில், பார்ப்போம்.”

ஜெயசிங்கம் பாதி எழுந்தான். உடனே அமர்ந்துவிட்டான்.

“முடியவில்லை.”

பென்ட் பரிதாபமாகத் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மனைவி ரூத் பாய்ந்தாள். “விசரே உங்களுக்கு? பகல் வேலைக்கெண்டு உபவாசம் இருந்தது ஆர்? நோவும் பொய். பிறகேன் எழும்பேல்லை?”

“நான் எழும்பியிருப்பன். சாரம் எழும்பியிராது.”

“என்ன?”

“அதையும் போர்வையோட சேர்த்துத் தைச்சுப்போட்டன்.”