நடத்தையை வைத்து

மாப்பிள்ளைக்குக் கண் தெரியவில்லை. அவனை இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்ற முடிவோடுதான் கூண்டுக்குள் ஏறினேன்.

கூண்டு என்பது ஓடுபாதைக்குப் பக்கத்தில் நாலு இரும்புக் கால்களில் நிற்கும் கண்ணாடி அறை. விமானத்துக்குக் குறுக்கே பருந்து வருகிறதா என்று பார்த்து கட்டுப்பாட்டு டவருக்குச் சொல்வது எங்கள் வேலை. ஆளுக்கொரு தொலைநோக்கி, நடுவில் ஒரு வாக்கிடாக்கி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

நானும் மாப்பிள்ளையும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்போது வாடா, போடா. அவன் என் தங்கையைக் கட்டிய பிறகு பேச்சில் ஒரு ‘ங்க’ வந்து ஒட்டிக்கொண்டது. மனதுக்குள் இன்னும் அவன்தான்.

மேலே போய்விட்டால் எந்தப் பருந்தும் கறுப்புப் புள்ளிதான். நிறத்தை நம்ப முடியாது. நடத்தையை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும்.

வல்லூறு படபடவென்று இறக்கையடித்து, கொஞ்சம் மிதந்து, நேராக மரத்துக்குள் போய்விடும். அதற்காக விமானத்தை நிறுத்த வேண்டியதில்லை. கரும்பருந்து அப்படியல்ல. வாலை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு, ஓடுபாதை ஏதோ அதன் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி அங்கேயே வட்டமடிக்கும். அதைக் கண்டால் விமானம் நின்றே ஆக வேண்டும்.

மாப்பிள்ளையையும் நடத்தையை வைத்துத்தான் பிடித்தேன்.

கொஞ்ச நாளாகவே, நான் தொலைநோக்கியைத் தூக்குவதற்குள் அவன் பறவையின் பெயரைச் சொல்லிவிடுகிறான். பெயரோடு விடுவதில்லை. எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு உயரம், வாலை என்ன செய்கிறது என்று மனப்பாடம் செய்த பையன் மாதிரி ஒப்பிக்கிறான். கண்ணால் பார்க்கிறவன் எதற்கு இவ்வளவு பேச வேண்டும்?

சொல்லி முடித்ததும், “தெரியுதா மச்சான்?” என்று ஒரு கேள்வி வேறு. தெரியாதவன்தானே அப்படிக் கேட்பான்.

என் டீ கிளாசை எங்கே வைக்கிறோம் என்றுகூட அவனுக்குத் தெரிவதில்லை. ஓரமாக வைத்துத் தொலைக்கிறான். என் கை பட்டு அடிக்கடி உடைகிறது.

போன வாரம் தங்கை போனில் சொன்னாள். “கண் டாக்டர்கிட்ட நாள் வாங்கி வைக்கச் சொல்றாருண்ணே. யாருக்குன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறாரு.”

யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

மேலே சொன்னால் அவன் வேலை போகும், என் தங்கை வீட்டில் அடுப்பு எரியாது. சொல்லாவிட்டால், ஒரு விமானம் நிறைய மனிதர்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

காலை விமானம் மெல்ல நகர்ந்து ஓடுபாதையின் முனைக்கு வந்து நின்றது.

நான் வானத்தை ஒரு சுற்று பார்த்தேன். எங்கேயும் ஒன்றும் இல்லை. இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

“மாப்பிள்ளை, மேற்கே பெரிசா ஒண்ணு சுத்துதே, என்னன்னு பாருங்க.”

மாப்பிள்ளை உடனே திரும்பினான். முதலில் மேற்கே, அப்புறம் என் முகத்தை. எத்தனையோ நாளாகக் காணாத ஒரு சந்தோஷம் அவன் முகத்தில். தப்பித்தோம் என்கிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஆமா மச்சான்! கரும்பருந்து. நானே இப்பத்தான் பார்க்குறேன், அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்களே!”

அகப்பட்டான்.

இல்லாத பறவைக்கு என் காதில் பூச் சுற்றுகிறான். எத்தனை நாள் இப்படிச் சுற்றியிருப்பான்!

அவன் வாக்கிடாக்கியை எடுத்து என்னிடம் நீட்டினான். “நீங்களே சொல்லுங்க மச்சான்.”

பழியைக்கூட என் தலையில் கட்டப் பார்க்கிறான்.

சரி, நானே சொல்கிறேன். வானத்தில் ஒன்றும் இல்லை, விமானத்தை விடுங்கள், இந்த ஆளைக் கீழே இறக்குங்கள். தங்கையின் முகம் ஒரு நொடி வந்து போனது. பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானில் விரலை வைத்தேன்.

அழுத்துவதற்குள் டவரின் குரல் முந்திக்கொண்டது.

“கூண்டு, மேற்கே பெரிய பறவை ஒண்ணு சுத்துது. இங்கிருந்தே தெரியுது. விமானத்த நிறுத்தியாச்சு. நீங்க பார்த்தீங்களா, இல்லையா?”

மாப்பிள்ளை என் கையோடு சேர்த்துப் பொத்தானை அழுத்தினான். “பார்த்தாச்சு சார். மச்சான்தான் மொதல்ல பார்த்தாரு.”

நான் தொலைநோக்கியை எடுத்தேன். மேற்கே பார்த்தேன். துடைத்தேன், மறுபடியும் பார்த்தேன். துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி வானம் வெறுமையாகக் கிடந்தது.

எனக்குப் பயமாக இருந்தது.

பக்கத்தில் மாப்பிள்ளையின் சிரிப்பு மெல்ல அடங்கியது. என் தொலைநோக்கி எங்கே அலைகிறது என்று பார்த்தான். பிறகு எப்போதும் போலத் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தான்.

“வடக்கே திரும்புது மச்சான்... வாலைச் சாய்க்குது... இப்போ நம்ம தலைக்கு நேரே.”

நான் அண்ணாந்து பார்த்தேன்.