டர்போ ஆறட்டும்

"வண்டி வந்து நின்னாச்சு. ஆளு எறங்கல. உள்ளயே குந்திகினு இன்னாடா பண்றா உன் பொண்டாட்டி?"

ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள் ரேகா. கட்டிலில் படுத்திருந்த தம்பி பாரி சிரித்தான்.

"டர்போ ஆறணும்க்கா. அஞ்சு நிமிஷம் இன்ஜின் சும்மா ஓடிகினு இருக்கணும். சூட்டோட ஆஃப் பண்ணா டர்போ புட்டுக்கும்."

துறைமுகத்தில் ட்ரெய்லர் ஓட்டியவன் பாரி. கன்டெய்னர் சரிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய் இரண்டு வருடமாகிறது. அவன் ஆசையாக வாங்கிய பழைய டீசல் காரை இப்போது அவன் மனைவி மாயா ஓட்டுகிறாள். எண்ணூர், மணலி கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு, நடுவில் ஓடிவந்து அவனுக்குச் சோறு போட்டு, மறுபடியும் ஓடி, வியாசர்பாடி வீட்டுக்குத் திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிவிடும்.

"எதிர் வூட்டு செல்லம்மா இன்னா சொல்றா தெரியுமா? தெனமும் வண்டிக்குள்ள குந்திகினு எவன்கூடவோ போன் பேசுறாளாம். உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியாதுடா."

பாரியின் முகம் சுருங்கிப் போனது. அவனுக்கு வலித்தது.

ரேகா விடவில்லை. நாத்தனார் என்றால் சும்மாவா!

"ராயபுரம் மெக்கானிக் தவசிமுத்து கிட்ட கேட்டுகினு வந்துட்டேன். சூப்பர்சார்ஜர்னு ஒண்ணு கீதாம். அதுவும் இன்ஜினுக்குள்ள காத்து அடைக்கிறதுதானாம். மிதிச்ச ஒடனே பிச்சிகினு போவுமாம். டர்போவ கழட்டிக் கடாசிட்டு அதப் போடு. செலவு என்னோடது."

"வாணாம்க்கா. சூப்பர்சார்ஜர் இன்ஜின்லயே பெல்ட்டு போட்டு சுத்துறது. இன்ஜின் பலத்தத் தின்னுட்டுத்தான் காத்தே குடுக்கும். சின்ன டீசல் வண்டி தாங்காது, மைலேஜ் பூடும். டர்போ வெளிய போற பொகையிலயே சுத்திக்கும். கொஞ்சம் லேட்டா எழுந்துக்கும், அவ்ளோதான்."

வெளியே இன்ஜின் நின்றது. மாயா உள்ளே வந்தாள். நாள் முழுக்க வண்டி ஓட்டியவள் முகம் மாதிரியே இல்லை, தெளிவாக இருந்தது.

"வாங்க அண்ணி! எப்ப வந்தீங்க?"

"அது கெடக்கட்டும். வண்டிக்குள்ள இன்னா பண்ணே?"

"டர்போ ஆற வேணாமா? சீட்ட சாச்சிகினு ரெண்டு பாட்டு கேட்டேன். அதுக்குள்ள ஆறிடுச்சு."

"இனிமே ஆறவே வேணாம். சூப்பர்சார்ஜர் மாத்திடலாம்."

மாயாவின் கண்கள் விரிந்தன. "அப்டியா? அப்ப வந்ததும் நேரா வேலையப் பாக்கலாமே! இன்னாய்யா, மாத்திடலாமா?"

"வாணாம்னா வாணாம்!" என்று பாரி கிட்டத்தட்டக் கத்திவிட்டான்.

மாயா தோளைக் குலுக்கிவிட்டு, அவனுக்கு உடம்பு துடைக்க வெந்நீர் வைக்கப் போனாள்.

"நல்லது சொன்னா இன்னாடா இவ்ளோ புடிவாதம்?" என்று சீறினாள் ரேகா.

பாரி அக்காவின் கையைப் பிடித்து அருகே இழுத்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அந்த வண்டில டர்போவே கெடையாது. 'உனக்காக அஞ்சு நிமிஷம் குந்து'ன்னா கேக்க மாட்டா... வண்டிக்காகன்னாதான் குந்துவா."