வெட்டாதீங்க

"வெட்டாதீங்க" என்றாள் அவள், சமையலறை வாசலில் நின்றபடி.

மந்திரியை வெட்டப் போன குதிரை அந்தரத்தில் நின்றது.

"சும்மா கிடைக்குதுடி."

"சும்மா கொடுக்க அது என்ன உங்க மாமனாரா? கம்ப்யூட்டர். வெட்டுக்கு வெட்டுன்னு போனா அதுதான் ஜெயிக்கும். சிப்பாய்களை முட்டவிட்டு வழியை அடைங்க. பின்னால காயை அப்படியும் இப்படியும் நகர்த்திட்டே இருங்க. மிஷினுக்குப் பொறுமை கிடையாது. தானா வந்து மாட்டும்."

அவன் முனகிக்கொண்டே குதிரையைப் பின்னால் வைத்தான்.

தம்பியைப் பார்க்க வந்திருந்த அக்காவுக்கு எரிச்சலாக இருந்தது. பஸ் ஓட்டுகிறவன். வலது மணிக்கட்டு உடைந்து, மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்க வராவிட்டால் டிப்போவில் ஏதாவது மூலையில் உட்கார்த்தி வைத்துவிடுவார்கள். அந்தக் கவலையில் இருப்பவனை ஒரு பழைய செஸ் பெட்டியோடு மல்லுக்கட்ட விட்டிருக்கிறாள் பெண்டாட்டி. போதாததற்கு அவன் இடது கையில் குழந்தை வேறு.

அந்தப் பெட்டிக்குக் காயைக் கட்டத்தில் அழுத்தி வைத்தால்தான் புரியும். அதன் காய்களையும், விளக்கு எரியும் இடம் பார்த்து, அவனேதான் எடுத்து வைக்க வேண்டும்.

"இப்படி ஜவ்வா இழுக்கிறதுக்குப் பேர் ஆட்டமா?" என்றாள் அக்கா. "குழந்தையையாவது என்கிட்ட கொடு."

"அவர்கிட்டயே இருக்கட்டும் அண்ணி. உங்ககிட்ட வந்தா அழும்."

குழந்தை அக்காவைப் பார்த்துச் சிரித்தது.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காபி ஆறியது. யானை வலமும் இடமுமாக நடந்து தேய்ந்தது.

"அக்கா, இங்க பாரேன்." தம்பியின் குரல் மாறியிருந்தது. "ராஜாவுக்குக் காவல் நின்ன சிப்பாயையே தள்ளிவிடுது. கதவைத் தானே திறந்துடுச்சு."

திறந்த வழியில் யானை நுழைந்தது. ராணி பின்னாலேயே போனாள். கொஞ்ச நேரத்தில் பெட்டி தோல்வியை ஒப்புக்கொண்டு கீச்சிட்டது.

தோற்ற ராஜாவை வலது கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தையோடு வாசலுக்கே ஓடினான், எதிர்வீட்டுக்காரரிடம் காட்ட.

அக்கா அசந்துபோய்ச் சமையலறைக்கு வந்தாள். "கெட்டிக்காரிதாம்மா நீ. இந்த ஆட்டத்தை எங்க கத்துக்கிட்ட?"

அவள் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"குதிரை எப்படிப் போகும்னுகூட எனக்குத் தெரியாது அண்ணி. கைப்பயிற்சிக்கு டாக்டர் கொடுத்த பந்தை ஜன்னல் வழியா வீசிட்டார். இடது கையில குழந்தையைக் கொடுத்து இதுல உட்கார வெச்சா, தன்னை மறந்து வலது கை விரலை மடக்குறார். ஆனா வெட்டிக்கிட்டா ஆட்டம் சட்டுனு முடிஞ்சிடுது. அதான் வாய்க்கு வந்ததை அடிச்சு விட்டேன். அது நிஜமாவே தோத்துத் தொலைக்கும்னு நான் என்ன கண்டேன்?"