சிவந்துபோன மாப்பிள்ளை

பூஜை விடுமுறைக்குப் பிறகு மூன்றாவது கல்யாண ஆல்பமும் திரும்பி வந்துவிட்டது. மாப்பிள்ளை முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. ஒரத்தநாட்டு ஸ்டுடியோக்காரர் இளஞ்செழியனுக்கு, படங்களுக்கு நிறம் திருத்தும் செவ்வந்தி மேல்தான் சந்தேகம்.

“மானிட்டர்ல சரியாத்தான் தெரிஞ்சுது சார். நிறம் அளக்குற மெஷினைப் பாருங்க.”

“மெஷின் பொய் சொல்லாது. வாராவாரம் நானே மானிட்டர்ல வச்சு அளந்து செட் பண்றேன். ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போய்ட்டு நீ திரும்பி வந்ததுலேருந்துதான் இப்படி. எந்த ஸ்டுடியோக்காரன் தூண்டிவிடுறான், சொல்லு.”

செவ்வந்தி, எலுமிச்சம்பழம் அளவிலிருந்த அந்தக் கருவியைத் திருப்பிக் காட்டினாள். நிறத்தைப் பார்க்கும் அதன் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

“குங்குமம் வழியா பார்த்தா எல்லாம் சிவப்பாத்தானே தெரியும்? அது மானிட்டர்ல சிவப்பைக் குறைக்குது. நான் படத்துல கூட்டுறேன்.” கருவியை மேசையில் வைத்தாள். “பூஜையன்னிக்கு நான் திருவிடைமருதூர்ல இருந்தேன் சார்.”

கேமராவிலும் பிரிண்டரிலும் அதே விரல் வைத்த பொட்டுகள் இருந்தன. இளஞ்செழியன் தோள் துண்டை எடுத்தார்.

“துடைச்சா சாமிக் குத்தமாயிடாதேம்மா?”