நாலு மணி வானம்

"பாய், கடைசியாக் கேக்கறேன். மெஷினை நிறுத்துவேளா, மாட்டேளா?"

"மாட்டேன் சார்."

அப்துல் ரஹீம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கல்கத்தா கிடர்பூரில் அவருக்கு மளிகைக் கடை. கடையை ஒட்டியே மிளகாய், மல்லி, காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷின். அது ஓடினால் தெருவே தும்மும்.

தும்மலைப் பற்றி ரங்கராஜனுக்குக் கவலையில்லை. கடைக்கு மேலே மொட்டை மாடி அறையில் இருந்த ரேடியோவைப் பற்றித்தான் கவலை. கீழே மெஷின் ஓடினால் மேலே ரேடியோவில் கரகரவென்று இரைச்சல் விழுந்தது.

துறைமுக ஆபீஸில் வயர்லெஸ் வேலை போக, மிச்ச நேரத்தில் ரங்கராஜன் ஒரு சங்கத்தின் செயலாளர். நட்சத்திரங்களில் அறிவுள்ள ஜீவன்கள் யாராவது இருந்து, ரேடியோவில் பேசினால், அதைக் கேட்பதற்கென்றே ஏற்பட்ட சங்கம். உறுப்பினர்கள் மொத்தம் நாலு பேர். தெருவில் அவர்களுக்குக் கிறுக்கு சங்கம் என்று பெயர்.

இப்போதுதான் தெருவின் வாயை அடைக்க ஒரு சந்தர்ப்பம் வந்திருந்தது. வெளிநாட்டில் இதே தேடலை நடத்தும் பெரிய கழகம் ஒன்று, வானத்தைத் துண்டு போட்டு ஊர் ஊராகப் பங்கு கொடுத்துக்கொண்டிருந்தது. கல்கத்தாவுக்கும் ஒரு துண்டு, மாலை நாலு முதல் அஞ்சு வரை. முதலில் ஏழு நாள் பரீட்சை. ஒரே ஒரு நாள் இரைச்சல் பதிவானாலும் அந்த வானம் வேறு ஊருக்குப் போய்விடும்.

"ஏழே நாள் பாய். தினம் ஒரு மணி நேரம்."

"நாலு மணிக்குத்தான் சார் எனக்கு வியாபாரமே. மெஷினை மூடிட்டு நானும் வானத்தை அண்ணாந்து பாக்கவா?"

"போலீஸ்ல எழுதிக் கொடுப்பேன்!"

"தாராளமா எழுதுங்க. ஸ்டேஷன்காரங்களுக்கும் மிளகாய்ப்பொடி நம்ம கடைதான்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரங்கராஜனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மிளகாயைத் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷனிடம் போய் விஞ்ஞானம் பேசினோமே என்று தன்னையே நொந்துகொண்டு படியேறினார்.

திங்கட்கிழமை நாலு மணி. இரைச்சல் எந்தப் பக்கமாகவும் வரக்கூடாதென்று மாடி அறையின் ஃபியூஸையே பிடுங்கி வைத்துவிட்டார்கள். ரேடியோ கார் பேட்டரியில் ஓடியது.

நாலே கால். நாலரை. கீழே சத்தத்தையே காணோம். ரேடியோவில் விழுவதைப் பதியும் காகிதத்தில் பேனா முள் நேர்கோடு போட்டுக்கொண்டே போயிற்று.

"லோட்ஷெட்டிங் சார்! கீழே கரண்ட் போயிடுத்து!" சங்கத்து நாலு பேரில் ஒருத்தி, காலேஜில் பௌதிகம் சொல்லித்தரும் ஷியாமளா, சின்னக் குழந்தை மாதிரி குதித்தாள்.

கல்கத்தாவே வாய்க்கு வந்தபடி திட்டுகிற லோட்ஷெட்டிங்கை அந்த நாலு பேர் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. ஞாயிறு வரை ஒரு நாள் தவறவில்லை. அஞ்சு அடித்த பிறகுதான் கீழே மெஷின் கடகடவென்று கிளம்பும்.

"மின்சார ஆபீஸ்ல நமக்கு எவனோ அபிமானி இருக்கான்!" என்றார் ரங்கராஜன்.

ரெண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. 'இத்தனை சுத்தமான பதிவை இதுவரை எந்த ஊரும் அனுப்பியதில்லை. அந்த வானம் இனி உங்களுடையது.'

ஷியாமளா அழுதே விட்டாள். பத்திரிகைக்காரர்கள் வந்து போட்டோ எடுத்தார்கள். நேற்றுவரை கிறுக்கு என்ற தெரு, மாடிப்படியில் முட்டி மோதியது. யாரோ சட்டி நிறைய ரசகுல்லா கொண்டுவந்தார்கள். யாரோ மாலை போட்டார்கள். ரங்கராஜனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

போட்ட மாலையோடு நேரே கடைக்கு இறங்கினார்.

"பார்த்தேளா பாய்? உலகத்திலேயே நாமதான் முதல்!"

ரஹீம் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. முத்திரையை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். ரொம்ப சந்தோஷம் சார்."

"நீங்க சந்தோஷப்பட இதுல என்ன இருக்கு? உங்களை நம்பியிருந்தா வானம் கைவிட்டுப் போயிருக்கும். லோட்ஷெட்டிங்னா காப்பாத்தித்து!"

"எல்லாம் ஆண்டவன் செயல் சார்," என்று ரஹீம் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மிளகாய் டப்பாவோடு காத்துக்கொண்டிருந்த ராஜம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"எந்த லோட்ஷெட்டிங் சார்? அந்த வாரம் பூரா நாலு மணிக்கு நான் இங்கதான் நின்னேன். தலைக்கு மேல ஃபேன் ஜம்முனு சுத்துது. 'மேல நம்மாளுங்க வானத்தைக் கேட்டுக்கிட்டிருக்காங்க, அஞ்சு அடிக்கட்டும்மா'ன்னு சொல்லி, இந்த பாய்தான் மெஷினைத் தொடவே இல்லை!"