ஒரு ஆள் குறைந்தது

சூரியன் மறைந்தால், யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்பு தொடங்கிவிடும். மன்னிப்பை அதற்குள் கேட்டுவிட வேண்டும். இறந்தவரிடம் கேட்பதென்றால் கல்லறைக்குப் பத்துப் பேர் உடன் வர வேண்டும். யானிவுக்கு ஒன்பது பேர்தான் கிடைத்தார்கள்.

"செத்தவகிட்ட கேக்க இத்தனை பேரத் திரட்டுறியே! அவளப் பெத்தவங்க வீட்டுக் கதவ ஒரு தரம் தட்டியிருக்கலாமேடா?" என்றான் நண்பன் அம்னோன்.

"கோர்ட்டுக்குக்கூட அவங்க வரல. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

திர்ட்சா சைக்கிளில் வந்த அந்த விடியற்காலையில், வேனை ஓட்டியபடியே யானிவ் கண்ணயர்ந்துவிட்டான். அதன் பிறகு அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. அழுகைகூட வரவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசல் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, ஒரு ஆள் குறையுது. அஞ்சு நிமிஷம் வர்றீங்களா?"

அவர் எதுவும் கேட்காமல் எழுந்து வந்தார்.

திர்ட்சாவின் கல்லறை முன் நின்று, "கடவுளுக்கும் இந்தப் பொண்ணுக்கும் பாவம் பண்ணிட்டேன்" என்றான் யானிவ், மரத்த குரலில்.

"உனக்கு மன்னிப்பு உண்டு" என்று வழக்கப்படி எல்லோரும் மூன்று முறை சொன்னார்கள். பெரியவரின் குரல் மட்டும் ஒவ்வொரு முறையும் சற்றுப் பிந்தி வந்தது.

மற்றவர்கள் நோன்புக்கு முன் சாப்பிட வீட்டுக்கு விரைந்தார்கள்.

"ரொம்ப நன்றி ஐயா. நீங்க யாரப் பாக்க வந்தீங்க?"

பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து, திர்ட்சாவின் கல்லறைமேல் வைத்தார்.

"இவளத்தான். என் பொண்ணு."

பெரியவர் யானிவ் பக்கம் திரும்பினார்.

"அவளுக்காகச் சொல்லிட்டேன், தம்பி. என்கிட்ட நீ இன்னும் கேக்கலையே."